ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜா, ஃப்ளாய்ட் ரோஸா? கச்சேரியில் சுருதி நிற்கவில்லை

அம்மாபேட்டை லீட் எழுதியது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். சேலத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். ஆடி மாதம் பிறந்துவிட்டால் கோயில் கச்சேரிகள் வரிசையாக இருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் ட்யூனரைப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ கிட்டார், ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோ பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும், பாரால் அசைக்கக்கூடிய பகுதி), 9–42 ஸ்ட்ரிங் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). பிரிட்ஜை ஆட்டும் கம்பியான பாரை அழுத்தி விட்டால் மூன்றாவது, நான்காவது ஸ்ட்ரிங் பழைய இடத்துக்கு வருவதில்லை.

இன்னொரு தொந்தரவும் உண்டு. ஐந்தாவது ஸ்ட்ரிங்கைத் திறந்தபடி சுருதியாக ஒலிக்கவிட்டு, மேல் ஸ்ட்ரிங்கில் இழுத்துக் கமகம் கொடுத்து வாசிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அப்போது கீழே ஒலிக்கும் சுருதியும் சேர்ந்து ஆடுகிறது.

நண்பர் ஒருவர், ஸ்ட்ரிங்கை இரண்டு முனையிலும் பூட்டிவிடும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் ஒன்று தருகிறேன் என்கிறார். என் கிட்டாரிலேயே மாட்டிவிடலாமா? மாட்டினால் டோன் மெலிந்துவிடும் என்று ட்ரூப்பில் சொல்கிறார்கள். உண்மையா?

செவ்வாப்பேட்டை பட்டறை எழுதியது:

தம்பி, மரத்தில் கை வைத்துவிடாதீர்கள். ஃப்ளாய்ட் ரோஸ் உட்கார பாடியில் பெரிய குழி எடுக்க வேண்டும், கழுத்து முனையில் லாக் நட்டுக்கு இடம் செதுக்க வேண்டும். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. உங்கள் தொந்தரவு பிரிட்ஜில் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பாரை நன்றாக அழுத்தி விட்டபின் அந்த ஸ்ட்ரிங் சுருதி கூடி நிற்கிறதா? அதே ஸ்ட்ரிங்கை ஒரு முழு டோன் பெண்ட் செய்து (விரலால் பக்கவாட்டில் இழுத்து) விட்டபின் இறங்கி நிற்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் குற்றவாளி நட், அதாவது கழுத்து முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்கள் கொண்ட துண்டு. பாரை அழுத்தும்போது ஸ்ட்ரிங் தளர்கிறது. நட்டுக்கும் சுருதிச் சாவிக்கும் நடுவே உள்ள துண்டு மட்டும் விறைப்பாகவே இருப்பதால், கொஞ்சம் கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பாரை விட்டதும் அது திரும்பி வரவேண்டும். நட் பள்ளம் இறுக்கிப் பிடித்தால் வராது, சுருதி கூடிவிடும். பெண்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. சாவியைத் திருகும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் அதுவும் இதே வியாதிதான். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள்.

ஆறு ஸ்ட்ரிங்கும் ஒன்றாக விலகி நின்றால் மட்டும் பிரிட்ஜின் அச்சைச் சந்தேகப்படலாம். ஆறு ஸ்க்ரூவையும் ஒரே அழுத்தத்தில் முறுக்கி வைத்திருப்பார்கள், பிரிட்ஜின் தகடு அசைய வழியிருக்காது. இரண்டு ஓர ஸ்க்ரூ மட்டும் அச்சாக வேலை செய்யட்டும், நடு நான்கையும் லேசாகத் தளர்த்துங்கள். ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

சுருதி ஸ்ட்ரிங் ஆடுவது வேறு கதை. மிதக்கும் பிரிட்ஜ், அதாவது பாடியில் படியாமல் நிற்கும் பிரிட்ஜ், ஒரு தராசு. ஒரு தட்டில் ஆறு ஸ்ட்ரிங், மறு தட்டில் பின்பக்க ஸ்பிரிங். ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்தால் அந்தப் பக்கம் பாரம் கூடி, தகடு முன்னால் சாய்கிறது, மற்ற ஐந்தும் இறங்குகின்றன. எந்த மிதக்கும் பிரிட்ஜ் போட்டாலும், ஃப்ளாய்ட் ரோஸே போட்டாலும் இது நடக்கும். உங்கள் வாசிப்புக்குத் தகட்டைப் பாடியோடு படியவைப்பதுதான் சரி. ஐந்து ஸ்பிரிங் மாட்டுங்கள், பின்னால் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் உள்ளே முறுக்குங்கள். மூன்றாவது ஸ்ட்ரிங்கை ஒரு முழு டோன் இழுத்தும் பிரிட்ஜ் தகடு எழும்பவில்லை என்றால் போதும். பாரை மேலே தூக்கும் வேலை போய்விடும், கீழே அழுத்துவது அப்படியே இருக்கும். ஆர்கெஸ்ட்ராவுக்கு இதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு ஸ்ட்ரிங் அறுந்தாலும் மற்ற ஐந்து சுருதியோடு நிற்கும், பாட்டை முடித்துவிடலாம்.

டோனுக்கு வருவோம். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டில் பிரிட்ஜுக்குக் கீழே, பாடிக்குள் இறங்கும் கனமான ஸ்டீல் பிளாக் (உலோகக் கட்டி) இருந்தது. விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் மெல்லிய துத்தநாகக் கலவை வார்ப்புதான் இருக்கும். கழற்றிக் கையில் வைத்தாலே கனம் தெரிந்துவிடும். ஸ்டீலுக்கு மாற்றினால், என் காதுக்கு, கீழ் ஸ்ட்ரிங்குகளின் ஒலி இறுகுகிறது, நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம் சட்டென்று சாவதில்லை. பித்தளை பிளாக் கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். நம் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? பழைய பிளாக்கை மாதிரியாகக் கொடுத்தால் ஸ்டீலில் செய்துவிடுவார்கள். தகட்டைப் பிடிக்கும் மூன்று ஸ்க்ரூ துளையும், ஸ்ட்ரிங்கின் முனையில் உள்ள குண்டு உட்காரும் ஆறு பள்ளமும் இம்மி பிசகக்கூடாது. பாடி ஒல்லியாக இருந்தால் நீளத்தைக் கூட்டாதீர்கள், பின்பக்கம் துருத்திக்கொள்ளும்.

அப்புறம் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) உயரம். காந்தம் ஸ்ட்ரிங்குக்கு மிக அருகில் இருந்தால் ஸ்ட்ரிங்கை இழுக்கும். கழுத்தில் பாடியை ஒட்டிய மேல் ஃப்ரெட்டுகளில் தடித்த ஸ்ட்ரிங் வாசிக்கும்போது சுருதி அலைவதுபோல் கேட்கும், பழி பிரிட்ஜ் மேல் விழும்.

ஏற்காடு மூடுபனி எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்ன நட் விஷயத்தை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மிதக்கும் பிரிட்ஜை ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனமில்லை. பாரை லேசாக ஏற்றி இறக்கி ஸ்வரத்தை வளைப்பதும் ஒருவகைக் கமகம்தான். ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் இரண்டு அச்சு முனையில் நிற்கும் பிரிட்ஜை மிதக்கவிட்டு, ரோலர் நட்டோடு (ஸ்ட்ரிங் உருளைமேல் நகரும் நட்) வாசித்ததைக் கேளுங்கள். குரல் பாடுவதுபோல் இருக்கும். அந்தச் சுகம் தகட்டைப் படியவைத்த கிட்டாரில் வராது.

என்னுடையது கம்பெனியிலேயே ஃப்ளாய்ட் ரோஸ் வைத்து வந்த கிட்டார். நட்டிலும் பிரிட்ஜிலும் ஸ்ட்ரிங்கைப் பூட்டிவிடுவதால் நட்டில் சிக்க இடமே இல்லை. பாரை எவ்வளவு ஆட்டினாலும் திரும்ப வந்து நிற்கும். டோன் மெலிவு பற்றிக் கேட்டீர்கள். டிஸ்டார்ஷன் போட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. க்ளீன் டோனில் கார்டு பிடிக்கும்போது அடிச்சத்தம் கொஞ்சம் குறைந்து, மேல்சத்தம் தூக்கலாக இருப்பது எனக்குத் தெரிகிறது. மெலடிப் பாட்டுகளின் ஆர்பெஜியோவுக்கு உங்கள் ஆறு ஸ்க்ரூதான் இனிமை. கச்சேரி நடுவில் ஸ்ட்ரிங் அறுந்தால் ஃப்ளாய்ட் ரோஸில் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். புது ஸ்ட்ரிங்கின் குண்டை வெட்டி, ஆலன் சாவியால் பூட்டி, எல்லாவற்றையும் மறுபடி சமன் செய்ய வேண்டும். பக்கத்தில் இன்னொரு கிட்டார் இல்லாமல் அதோடு மேடை ஏறாதீர்கள்.

மலைக்குக் கோடை விழாவுக்கு வாசிக்க வருபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கீழே சேலத்து வெயிலில் சுருதி சேர்த்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இங்கே வந்தால் குளிரில் ஸ்ட்ரிங் சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும். உறையைத் திறந்து கிட்டாரைக் கொஞ்ச நேரம் இந்தக் காற்றில் வைத்த பிறகே சாவியைத் தொடுங்கள். பனி ஈரத்தில் சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தாங்கும் துண்டு) ஸ்க்ரூக்கள் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அச்சு முனையிலும் ஒரு துளி.

அம்மாபேட்டை லீட் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. சோதனை செய்தேன். பாருக்குப் பின் ஏறுகிறது, பெண்டுக்குப் பின் இறங்குகிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. பென்சில் கரியில் மூன்றாவது ஸ்ட்ரிங் சரியாகிவிட்டது. நான்காவதில் மட்டும் அந்த ‘டிங்’ இன்னும் கேட்கிறது. தகட்டையும் படியவைத்தேன், சுருதி ஸ்ட்ரிங் அசையாமல் நிற்கிறது, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். இப்போது இரண்டு சின்னச் சந்தேகம். வாசிப்பை நிறுத்தினால் பின்பக்கம் ஸ்பிரிங் ‘கிண்’ என்று ஒலிக்கிறது. பாரும் துளைக்குள் லொடலொடவென்று ஆடுகிறது.

செவ்வாப்பேட்டை பட்டறை எழுதியது:

நான்காவது பள்ளம் குறுகல். 9–42 செட்டில் அது 24 அளவு, சுற்றுக்கம்பி வேறு. வரிகள் பள்ளத்தின் ஓரத்தில் மாட்டும். நட் ஃபைல் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஒரு இழை அகலப்படுத்துங்கள். ஆழப்படுத்தக் கூடாது, ஆழமானால் திறந்த ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசும். புது ஸ்ட்ரிங் மாட்டும்போது ஒவ்வொன்றையும் கையால் இழுத்து இழுத்துச் சுருதி சேருங்கள், இறங்குவது நிற்கும்வரை.

ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் செருகினால் கிண்கிணி அடங்கிவிடும். ஆனால் முதலில் வைக்காமல் வாசித்துப் பாருங்கள். அந்த ஒலி க்ளீன் டோனில் ஒரு சின்ன ரிவெர்ப் போலச் சேரும், சிலருக்கு அது பிடிக்கும். பாரின் மரையில் பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி முறுக்குங்கள், ஆட்டம் நின்றுவிடும்.