புதுப்பிப்பு: கெக்கோவுக்கு உயிருள்ள பூச்சி கொடுப்பது

என் லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) சாப்பிடாமல் விட்ட சுவர்க்கோழிப் பூச்சிகள் இரவில் அதன் வாலைக் கடிக்கின்றன, என்ன செய்யலாம் என்று இதே இழையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காயம் ஆறிவிட்டது.

இப்போது பூச்சிகளை மொத்தமாகக் கொட்டுவதில்லை. ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து நீட்டுகிறேன். கெக்கோ அசையாமல் நிற்கும், வால் நுனி மட்டும் நெளியும், அப்புறம் ஒரே பாய்ச்சல். இடுக்கி முனை ரப்பராக இருந்தால் நல்லது; உலோகத்தைக் கவ்வினால் வாயில் அடிபடும். பூச்சியின் அளவு கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. மிஞ்சியதை உடனே வெளியே எடுத்துவிடுகிறேன்.

பூச்சிக்கு முதலில் சாப்பாடு போடுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் உதவியது. சுவர்க்கோழியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். அதையே வெறுமனே கொடுத்துவந்தால் கெக்கோவின் எலும்பு பலவீனமாகி, தாடையும் கால்களும் வளைந்துவிடும். அதனால் 24 மணி நேரம் முன்பே அவற்றுக்குக் கேரட், சர்க்கரைவள்ளி கொடுக்கிறேன். பிறகு ஒரு டப்பாவில் கால்சியம் பொடியோடு மெதுவாகக் குலுக்கி, கையோடு கொடுத்துவிடுகிறேன். தாமதித்தால் சுவர்க்கோழி பொடியைத் தானே துடைத்துக்கொள்ளும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சி போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே வரும். மின்மினியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அதன் நஞ்சு பல்லி இனங்களைக் கொல்லக்கூடியது.