கரை முதலா, ரோடு முதலா

குழு: தோப்பு வீடுகள், ஆரோவில்
ஞாயிறு, 1 டிசம்பர் 2024

தேவகி அக்கா 6:12
எல்லாரும் பத்திரமா? வீட்டுக்கு ஒரு வரி போடுங்கள். பால் வண்டி வராது, இப்போதே சொல்லிவிட்டேன். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.

குமார் 6:14
இருக்கிறேன்

ராஜி 6:14
நாங்கள் நாலு பேரும் சரி. சமையல்கட்டுக் கூரையில் ஒரு மூலை போச்சு. பூனையைக் காணோம்.

பாபு 6:17
ராத்திரி காற்று நின்றதும் ஃபெஞ்சல் புயல் கரை ஏறிவிட்டது, முடிந்தது என்று படுத்தேன். மழை அதற்கப்புறம்தான் வேலையைக் காட்டியது.

மார்க்கோ 6:20
நான் நலம். என் பலா மரம் நலமில்லை.

ராஜி 6:20
ஐயோ மார்க்கோ 😢 எந்த மரம், காய்க்கிறதா காய்க்காததா?

மார்க்கோ 6:21
காய்க்கிறது.

பாபு 6:24
ரோட்டில் மூன்று மரம் குறுக்கே கிடக்கிறது. எட்டு மணிக்கு எல்லாரும் அங்கே வந்துவிடுங்கள்.

சேகர் மாமா 6:31
யாரும் ரோட்டுக்குப் போக வேண்டாம். மழைத் தண்ணீரைத் தடுக்கிற கிழக்கு மண் கரைக்கு வாருங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய குட்டைக்கு மேலே இரண்டு ஆள் அகலத்துக்கு உடைந்திருக்கிறது. தண்ணீர் டீ நிறத்தில் போகிறது. போவது தண்ணீர் மட்டும் இல்லை, நம் மேல்மண். நான் குயிலாப்பாளையத்திலிருந்து அரை டவுசரோடு வாளி தூக்கி வந்த காலத்தில் இங்கே ஒதுங்கப் பனை நிழலைத் தவிர எதுவும் கிடையாது. ஒரு மழைக்குச் செம்மண் அத்தனையும் ஓடையில் இறங்கிப் பொம்மையார்பாளையம் பக்கம் கடலே சிவந்து கிடக்கும். அப்போது முதல் வேலையே கரை போடுவதுதான். கன்றெல்லாம் அப்புறம். இன்று இருக்கிற காடு அந்தக் கரையில் நிற்கிற காடு. மழை விடவில்லை. மதியத்துக்குள் அடைக்காவிட்டால் ஓட்டை நாலு ஆள் அகலம் ஆகும்.

பாபு 6:33
மாமா, போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது?

சேகர் மாமா 6:33
11%

பாபு 6:34
இந்த ஒரு மெசேஜுக்கே பாதி போயிருக்கும் 😄

தேவகி அக்கா 6:36
மாமா, சிலிண்டர் ஒன்றுதான் இருக்கிறது. முப்பது பேருக்குக் கஞ்சி வைத்தால் நாளைக் காலை வரைதான் ஓடும். அப்புறம் மீனாவுக்கு ஒன்பதாம் மாதம். ரோடுதான் முதலில்.

சேகர் மாமா 6:37
மீனாவுக்குத் தேதி ஜனவரி.

ராஜி 6:37
குழந்தை காலண்டர் பார்த்தா வருகிறது?

மீனா 6:38
நான் நல்லாத்தான் இருக்கிறேன். என்னை விட்டுவிடுங்கள்.

ராஜி 6:40
மதியம் ஆரோவில் பொதுச் சமையலறையில், அந்தச் சோலார் கிச்சனில், வாங்கிக்கொள்ள முடியாதா?

பாபு 6:41
மொட்டை மாடியில் வெயிலில் நீராவி எடுக்க 15 மீட்டர் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், அதற்கு வெயில் யார் கொடுப்பது?

தேவகி அக்கா 6:42
வெயில் இல்லாவிட்டால் டீசல் பாய்லர். ஆனால் போய்ச் சேர ரோடு வேண்டும். அதைத்தானே சொல்கிறேன்.

சேகர் மாமா 6:46
இந்தக் கரை தானாக உடையவில்லை. போன வருஷக் கோடையில் பைக் ஏறுவதற்காக ஒரு அடி இறக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராஜி 6:46
மாமா...

குமார் 6:48
அதை மீட்டிங்கில் பேசி முடித்தாச்சு.

சேகர் மாமா 6:48
அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றுதான் முடித்தோம். ஒரு வருஷமாக அடுத்த மீட்டிங் வரவில்லை.

தேவகி அக்கா 6:49
காலங்காத்தாலே ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்குச் சமையல் முறை யாருடையது? சுவரில் ஒட்டிய பட்டியல் நனைந்து கூழாகிவிட்டது.

பாபு 6:50
நேற்றே பார்த்தேன். குமார்.

குமார் 6:50
எல்லாம் என் தலையிலா

பாபு 6:55
சரி, மெஷின் ரம்பம் யாரிடம்?

மார்க்கோ 6:56
ரம்பம் என்னிடம் உள்ளது. சங்கிலி பாபுவிடம் உள்ளது.

பாபு 6:57
சாணை பிடிக்கக் கொடுத்தேன், கோட்டக்குப்பத்தில்.

தேவகி அக்கா 6:57
எப்போது?

பாபு 6:59
தீபாவளிக்கு முன்னால்

ராஜி 6:59
🤦‍♀️

சேகர் மாமா 7:02
தானே புயலில் இதே கதைதான். 2011 டிசம்பர் 30. கைரம்பத்தில்தான் அறுத்தோம். அப்போதும் கொத்தாக விழுந்தது கத்திச்சவுக்கு, நாம் வொர்க் ட்ரீ என்கிறோமே அதுதான். சீக்கிரம் வளரும், சீக்கிரம் முறியும். ஆனால் திட்டாதீர்கள். வெறும் கிராவல் மண்ணில் முதலில் நின்று நிழல் கொடுத்து, இலை கொட்டி மண்ணைத் தேற்றியது அதுதான். அதன் கீழே நட்ட கருங்காலியும் வெப்பாலையும் நம் தோப்பில் தானேக்கும் அசையவில்லை, நேற்றைக்கும் அசையவில்லை. ரோட்டில் கிடப்பதும் மூன்றும் கத்திச்சவுக்காகத்தான் இருக்கும், பாபு பார்த்துச் சொல்.

பாபு 7:04
மூன்றும் அதுதான்

மார்க்கோ 7:08
ஒரு யோசனை. ரோட்டு மரத்தை வெட்டுகிறோம். அந்தக் கட்டை, கிளை எல்லாம் கரைக்குப் போகிறது. கரைக்குக் குச்சி வேண்டும் அல்லவா? இரண்டும் ஒரே வேலை.

ராஜி 7:09
மார்க்கோ 👏 தமிழும் சுத்தம்

சேகர் மாமா 7:11
கட்டை வரும்வரை தண்ணீர் காத்திருக்காது. ஆனால் யோசனை சரி. கேளுங்கள், உடைப்பின் நடுவில் மண்ணைக் கொட்டாதீர்கள், தண்ணீர் தின்றுவிடும். இரண்டு பக்கமும் பழைய மண்ணைப் படிபடியாக வெட்டி, மேட்டுப் பக்கம் குச்சி அடித்து, கிளை போட்டு, அப்புறம் சாக்கு. சாக்கை முக்கால்தான் நிரப்ப வேண்டும், வாய் வரை நிரப்பினால் ஒன்றோடொன்று படியாது. ஒவ்வொரு அடுக்கையும் ஏறி மிதிக்க வேண்டும். 2%

பாபு 7:12
மாமா சார்ஜ் 😂

தேவகி அக்கா 7:15
அப்போ ஐந்து பேர் கரைக்கு, மிச்சம் பேர் ரோட்டுக்கு. சரியா?

பாபு 7:16
கரைக்கு ஐந்து பேர் எதற்கு? மூன்று போதும்.

ராஜி 7:16
வாலண்டியர் பசங்கள் நாலு பேரைக் கரைக்கு அனுப்பட்டுமா? மண்வெட்டி பிடிக்கத் தெரியாது, மிதிக்கத் தெரியும்.

தேவகி அக்கா 7:18
அனுப்பு. மாமா, சரிதானே?

தேவகி அக்கா 7:24
மாமா?

ராஜி 7:25
ஒரு டிக்தான் விழுகிறது. போன் போச்சு.

குமார் 7:31
எத்தனை சாக்கு வேண்டுமாம்?

பாபு 7:32
நீ சமையல் இல்லையா?

குமார் 7:32
கஞ்சி அடுப்பில் இருக்கிறது. தேவகி அக்கா கிண்டிக்கொள்வார்கள். சாக்கு எத்தனை?

தேவகி அக்கா 7:33
நான் எப்போது சொன்னேன்?

மார்க்கோ 7:34
மாமா கரையில் நிற்கிறார், எனக்குத் தெரிகிறது. கையால் காட்டுகிறார். முப்பது அல்லது மூன்று.

குமார் 7:35
முப்பதே கொண்டுவருகிறேன்.

ராஜி 7:41
பூனை கிடைத்தது. வாஷிங் மெஷினுக்குள்.

பாபு 10:52
மயிலத்தில் மழை 50 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதாம். ரோட்டில் ஒரு மரம் முடிந்தது, இரண்டு பாக்கி. கை விட்டுப் போச்சு. கோட்டக்குப்பத்தில் அந்தச் சாணைக்காரர் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா?

தேவகி அக்கா 10:55
கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. யார் காரணம் என்று மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம்.