மார்லோவைப் பார்த்துச் சிரிப்பதா, கோபப்படுவதா?

கேள்வி (பி.ஏ. ஆங்கிலம், இரண்டாமாண்டு மாணவி):

இந்த செமஸ்டரில் எங்களுக்கு ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்' பாடம். 1773இல் லண்டனில் அரங்கேறிய நகைச்சுவை நாடகம். டோனி லம்ப்கின் குறும்பாக வழி சொல்லிவிட, மார்லோவும் ஹேஸ்டிங்ஸும் ஹார்ட்காஸில் வீட்டைச் சத்திரம் என்று நம்பி வருகிறார்கள். வீட்டுக்காரரையே சத்திரக்காரராக நினைத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்பார்கள். அங்கே வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்றாம் அங்கத்தில்தான் சிரிப்பு நின்றுபோனது. வீட்டுக்காரரின் மகள் பெயர் கேட் (Kate). முதலில் அவளை வீட்டு மகளாகச் சந்தித்தபோது மார்லோ அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம் அதே பெண் சாதாரண உடையில் வந்ததும் சத்திரத்துப் பணிப்பெண் என்று நினைத்து முத்தம் கேட்கிறான், கையைப் பிடித்து இழுக்கிறான். வகுப்பில் "ஆள்மாறாட்டம், பத்து மார்க் கேள்வி" என்று குறிப்பு கொடுத்துவிட்டு அடுத்த அங்கத்துக்குப் போய்விட்டார்கள்.

என் அம்மா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். முதலாளியிடம் குழைந்து பேசுகிறவர், திரும்பி அம்மாவிடம் "ஏய், அந்தப் பச்சையை எடு" என்பார். மார்லோவைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பதில் 1 (நாடகக் குழுவில் இருப்பவர்):

கோபம் நியாயம்தான் தங்கச்சி. ஆனால் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். காலையில் விருப்பப்பட்ட அலங்காரம், சாயங்காலம் எளிய உடை என்பது கேட்டுக்கும் அவள் அப்பாவுக்கும் உள்ள ஒப்பந்தம். தன்னைப் பணிப்பெண் என்று நினைத்துவிட்டான் என்று தெரிந்ததும், அவள் வேண்டுமென்றே அந்த வேஷத்தைத் தொடர்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தன் அப்பாவையும் மார்லோவின் அப்பாவையும் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவன் வாயாலேயே காதலைச் சொல்லவைக்கிறாள். மேடையில் அந்தக் கைப்பிடிக் காட்சியில் சிரிப்பு அவன் மேல் விழ வேண்டும். அவள் மேல் விழுந்தால் அது இயக்குநரின் தவறு.

பதில் 2 (கல்லூரி ஆசிரியை):

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தை இன்னொரு முறை சத்தமாக வாசித்துப் பாரும்மா. விருந்தினர் வருகிறார்கள் என்று களஞ்சியத்திலும் ஏரிலும் வேலை செய்கிறவர்களைக் கூட்டிவந்து, பரிமாறும்போது எப்படி நிற்பது என்று ஹார்ட்காஸில் பழக்குகிறார். நான் கதை சொன்னால் சிரிக்கக் கூடாது என்கிறார். அப்படியானால் அந்த ஒரு கதையை மட்டும் சொல்லாதீர்கள், இருபது வருஷமாகச் சிரிக்கிறோம் என்கிறான் வேலைக்காரன் டிகரி. எஜமானரே சிரித்து, சரி, அதற்கு மட்டும் சிரிக்கலாம் என்று இறங்கிவிடுகிறார். கண்ணீர் வழியும் உபதேச நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கோல்ட்ஸ்மித் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த இடம் இது. உன் பத்து மார்க் பதிலில் இதையும் எழுது.

கேள்வி கேட்டவர்:

நன்றி அண்ணா, நன்றி மேடம். டிகரி காட்சியை வாசித்தேன், ரொம்பப் பிடித்தது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கேட் நினைத்தால் வேஷத்தைக் கலைத்துவிடலாம், திரைக்குப் பின்னால் அப்பா இருக்கிறார். ஆனால் நிஜமான பணிப்பெண் ஒருத்தியும் இந்த நாடகத்தில் இருக்கிறாள். அவன் உங்களைப் பணிப்பெண் என்று நினைத்துவிட்டான் என்று கேட்டிடம் வந்து சொல்வதே அவள்தான். அவளிடம்தான் மார்லோ விசாரித்திருக்கிறான். அவள் கையைப் பிடித்து இழுத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? செமினாரில் இதையே எடுத்துப் பேசப்போகிறேன்.