உதவி: விரல் டென்டன் ஸ்கேன்ல கருப்பாத் தெரியுது, கிழிசல்னு எழுதலாமா?

ஸ்கேன்_புதுசு:
வணக்கம். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கொடுக்கணும், அவசரம். பேஷன்ட்டுக்கு விரல்ல அடி. எக்ஸ்ரே நார்மல். அல்ட்ராசவுண்ட்ல எக்ஸ்டென்சர் டென்டன் (தசையை எலும்போட கட்டி விரலை நீட்ட வைக்கிறது) ஒரு இடத்துல கருப்பா இருக்கு, ப்ரோபைச் (தோல் மேல வைக்கிற ஸ்கேன் கருவி) சாய்ச்சா வெள்ளையாயிடுது. பாதிக் கிழிசல்னு எழுதிடலாமா?

எலும்பு_டாக்டர்:
எந்த விரல்? எந்த மூட்டு? எத்தனை நாள் ஆச்சு? "விரல்ல அடி"ன்னு மட்டும் சொன்னா எதை வெச்சு பதில் சொல்றது? நுனி மூட்டு தொங்கினா மேலட் ஃபிங்கர், அதாவது நுனியை நீட்டுற டென்டன் போயிருக்கு. நடு மூட்டுன்னா சென்ட்ரல் ஸ்லிப், அதாவது நடு மூட்டை நீட்டுற டென்டனோட நடுப்பட்டை. என் சந்தேகம் சென்ட்ரல் ஸ்லிப் மேலதான், ஆரம்பத்துல பலரும் தவற விடுறது அதைத்தான். எல்சன் டெஸ்ட் பண்ணுங்க. நடு மூட்டை மேசை விளிம்புல 90 டிகிரி மடக்கி வெச்சு, எதிர்த்து நீட்டச் சொல்லுங்க. நுனி மூட்டு விறைச்சு நின்னா ஸ்லிப் போச்சுன்னு அர்த்தம்.

ரேடியாலஜி_20வருஷம்:
இது அனைசோட்ரோப்பி, கிழிசல் இல்ல. ஒலி அலை நாருக்குச் செங்குத்தா விழலன்னா எதிரொலி ப்ரோபுக்குத் திரும்பாது, கருப்பாத்தான் தெரியும். சாய்ச்சா வெள்ளையாகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் என்ன சந்தேகம் தம்பி? முதல் வருஷப் பாடம் இது. இதுகூடத் தெரியாம விரல் ஸ்கேனைக் கையில எடுக்கக் கூடாது.

சேலம்_சோனோ:
புதுசா வர்றவங்களை இப்படிப் பேசினா அடுத்த தடவை யார் சார் கேப்பாங்க? @ஸ்கேன்_புதுசு என்ன ப்ரோப்? வயித்து ப்ரோப்ல பார்த்திருந்தா எல்லாத்தையும் மறந்துடுங்க. விரல் முதுகுல டென்டன் தட்டையா, ரொம்ப மெல்லிசா இருக்கும். 15 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் (நேர் முகப்புள்ள) ப்ரோப் வேணும், வளைஞ்ச சின்ன ஹாக்கி ஸ்டிக் ப்ரோப் இருந்தா இன்னும் நல்லது. ஜெல்லை அள்ளி வைங்க, ப்ரோப் அதுமேல மிதக்கணும், தோலை அழுத்தக் கூடாது. விரல் முட்டி மேடுபள்ளமா இருந்து படம் சரியா வரலன்னா, நான் கையைத் தண்ணிப் பேசின்ல முக்கி வெச்சுப் பார்ப்பேன்.

வாசகர்_மதுரை:
எம்ஆர்ஐ எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுது இல்லையா?

கை_பிசியோ:
எம்ஆர்ஐல விரல் அசையாது. அசையும்போதுதான் தெரியுற கோளாறும் இருக்கு. விரலை நீட்டி வெச்சே பார்த்தீங்களா, மடக்கச் சொல்லியும் பார்த்தீங்களா?

தமிழ்_மருத்துவம்:
எல்லாரும் டென்டன் டென்டன்னு எழுதுறீங்க. தசைநார்னு எழுதினா பேஷன்ட்டுக்கும் புரியுமே.

எலும்பு_டாக்டர்:
தசைநார் லிகமென்ட். டென்டன் தசைநாண். அதை மாத்தி எழுதினா விபரீதம்.

தமிழ்_மருத்துவம்:
பத்திரிகையில எல்லாம் டென்டனுக்கும் தசைநார்னுதான் போடுறாங்க.

எலும்பு_டாக்டர்:
போடுறாங்க, அதனாலதான் குழப்பமே. எலும்பையும் எலும்பையும் கட்டுறது ஒண்ணு, தசையை எலும்போட கட்டுறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒரே பேர் எப்படிப் பொருந்தும்?

கை_பிசியோ:
என்கிட்ட வர்றவங்களுக்கு ரெண்டுமே "நரம்பு"தான். "நரம்பு பிசகிடுச்சு"ன்னு சொல்லி எண்ணெய் போட்டு நீவிட்டு, ஒரு மாசம் கழிச்சு வர்றாங்க. அதுக்குள்ள விரல் கோணிடுது. பேரை அப்புறம் பார்ப்போம், கேள்வி கேட்டவர் எங்க?

ஸ்கேன்_புதுசு:
மன்னிக்கணும், ஓபியில இருந்தேன். வலது கை நடு விரல், முஷ்டி மடக்கினா மேடாத் தெரியுற முட்டியில அடி. 12 நாள் ஆச்சு. பைக் மெக்கானிக், நட்டு கழட்டும்போது ஸ்பேனர் நழுவி முட்டி இன்ஜின்ல போய் இடிச்சிருக்கு. லீனியர் ப்ரோப்தான். நீட்டி வெச்சுத்தான் பார்த்தேன்.

கை_பிசியோ:
முட்டின்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு சுத்தியிருக்க வேண்டாம். சாஜிட்டல் பேண்டைப் பாருங்க. முட்டி மேல டென்டனை நடுவுல பிடிச்சு நிறுத்துறது ரெண்டு பக்கமும் இறங்குற அந்தப் பட்டைதான். கட்டைவிரல் பக்கத்துப் பட்டை கிழிஞ்சா, முஷ்டி மடக்கும்போது டென்டன் சுண்டுவிரல் பக்கமா நழுவி முட்டிகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல விழும். நீட்டினா பழையபடி இடத்துக்கு வந்துடும், நீங்களும் நார்மல்னு எழுதிடுவீங்க. அதிகம் அடிபடுறதும் நடு விரல்தான். மடங்கின விரலைத் தானா நீட்டக் கஷ்டப்படுறாரா, நாம நீட்டி விட்டா அப்படியே பிடிச்சு வெச்சுக்குறாரா? அதையும் கேளுங்க.

சேலம்_சோனோ:
ப்ரோபை முட்டிக்குக் குறுக்கா வைங்க, மெதுவா முஷ்டி மடக்கச் சொல்லுங்க. அழுத்தினா நழுவுற டென்டனை ப்ரோபே பிடிச்சு நிறுத்திடும். மறுகை நடு விரலையும் இதே மாதிரி பார்த்து ஒப்பிடுங்க.

ரேடியாலஜி_20வருஷம்:
அந்தக் கருப்பு அனைசோட்ரோப்பின்னு நான் சொன்னதுல மாற்றமில்ல. ஆனா மடக்கிப் பார்க்கச் சொல்லி நானும் சொல்லியிருக்கணும்.

எலும்பு_டாக்டர்:
சாஜிட்டல் பேண்டுன்னா நாள் கணக்கு முக்கியம். மூணு வாரத்துக்குள்ளன்னா பெரும்பாலும் ஸ்ப்லின்ட்லயே (விரலை அசையாம பிடிச்சு வெக்கிற கட்டு) முயற்சி பண்ணலாம், முட்டி மடங்காம ஆறிலிருந்து எட்டு வாரம். பழசானா ஆபரேஷன் பேச்சு வரும். தினக்கூலிக்காரர்னா ஸ்ப்லின்ட்டைக் கழட்டிட்டு வேலைக்குப் போயிடுவார், இன்னைக்கே உட்கார வெச்சுப் பேசுங்க.

ஸ்கேன்_புதுசு:
திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். பாதி மடக்கும்போதே டென்டன் மோதிர விரல் பக்கம் நழுவிடுச்சு. இடது கையில அசையவே இல்ல. ரிப்போர்ட்டை மாத்தி எழுதிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கை_பிசியோ:
நல்லது. ஸ்ப்லின்ட் போட்டாச்சா, இல்ல வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?

கை_பிசியோ:
@ஸ்கேன்_புதுசு ரெண்டு நாள் ஆச்சு. ஸ்ப்லின்ட் போட்டாங்களா?