சிறைத்துறைத் தலைவர்களின் சங்கக் குழுக்கள் தம்மைத் தாமே அளந்துகொள்ளலாமா?

தராசுமுள் எழுதியது:

அமெரிக்காவில் மாநிலச் சிறைத்துறைகள், மத்திய சிறைப் பணியகம், சில பெருநகரச் சிறைகள் ஆகியவற்றின் தலைவர்கள் தமக்கென ஒரு தொழில்சார் சங்கம் வைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் மாநிலச் சிறைத்துறை நிர்வாகிகள் சங்கம் என்றிருந்த அது, இப்போது சீர்திருத்தத் துறைத் தலைவர்கள் சங்கம் என்று பெயர் மாறியிருக்கிறது. செயல்திறன் அளவீடு, மறுவாழ்வு, இன ஏற்றத்தாழ்வு, ஆய்வு, பயிற்சி என்று பிரிந்து இயங்கிய அதன் குழுக்களில்தான் சங்கத்தின் உண்மையான வேலை நடந்திருக்கிறது. சிறைகளை நடத்துகிறவர்களே சிறைகளை அளக்கும் இந்த ஏற்பாடு சரியா என்பதே என் கேள்வி. சரிதான் என்பது என் நிலைப்பாடு.

என் சான்று தனிக்கொட்டடிக் கணக்கு. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவரைத் தனியே பூட்டி வைக்கும் வழக்கம் அந்நாட்டில் பல பத்தாண்டுகளாக இருந்தும், எந்த மாநிலத்தில் எத்தனை பேர், எத்தனை நாளாக அப்படி இருக்கிறார்கள் என்ற புதிய கணக்கு பொதுமக்கள் கையில் இருக்கவில்லை. இந்தச் சங்கம் யேல் சட்டக் கல்லூரியின் லிமன் மையத்தோடு சேர்ந்து வினாப்பட்டியல் தயாரித்து, 2014இல் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியது. மறு ஆண்டு வெளியான அறிக்கை, ஏதேனும் ஒரு வகைத் தனி அடைப்பில் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இருப்பதாக மதிப்பிட்டது. எந்த வழக்கும் தொடுக்கப்படாமல், எந்த நீதிமன்றமும் ஆணையிடாமல், தமக்கே தலைகுனிவு தரக்கூடிய எண்ணைத் துறைத் தலைவர்களே வெளியே வைத்தார்கள். வெளியாள் ஒருவர் கேட்டிருந்தால் பாதுகாப்புக் காரணம் என்ற ஒரே வரியில் கோப்பு மூடப்பட்டிருக்கும். சக தலைவர் கேட்டதால்தான் பதில் வந்தது.

விளக்குத்திரி எழுதியது:

நண்பர் தராசுமுள் சொல்லும் கணக்கை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரு நல்ல கணக்கை வைத்து மொத்த ஏற்பாட்டுக்கும் நற்சான்று தர இயலாது என்று கருதுகிறேன்.

இதே துறையின் மூத்த சங்கத்தைப் பாருங்கள். 1870இல் சின்சினாட்டி நகரில் கூடிய மாநாட்டில் பிறந்தது அது. அப்போது ஒஹாயோ ஆளுநராகவும் பின்னாளில் குடியரசுத் தலைவராகவும் இருந்த ரதர்போர்டு ஹேய்ஸ் அதன் முதல் தலைவர். தண்டனையின் நோக்கம் பழிவாங்குவதன்று, ஆளைத் திருத்துவதே என்று அந்த மாநாட்டின் கோட்பாட்டு அறிக்கை அன்றே சொல்லிவிட்டது. இன்று அமெரிக்கச் சீர்திருத்தச் சங்கம் எனப்படும் அந்த அமைப்புதான் சிறைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்குகிறது. தரங்களை வகுப்பதும் அதன் குழு, தணிக்கைக்கு ஆள் அனுப்புவதும் அதுவே. கட்டணத்தைச் செலுத்துவதோ தணிக்கைக்கு உள்ளாகும் சிறை. தணிக்கை வரும் நாள் மாதக்கணக்கில் முன்பே அறிவிக்கப்படுகிறது. செனட் உறுப்பினர் எலிசபெத் வாரன் 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இந்த முறையைக் கடுமையாகச் சாடியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மூன்று மாதம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், சுண்ணாம்பைத் தவிர வேறென்ன கண்ணில் படும்?

இரண்டாவதாக, தனிக்கொட்டடி விஷயத்திலேயே பெரிய அசைவு எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவில் 2013 ஜூலையில் சுமார் 30,000 சிறைவாசிகள் உணவை மறுத்தார்கள். கும்பலைச் சேர்ந்தவர் என்று முத்திரை குத்தி, முடிவு தேதியே இல்லாமல் பெலிக்கன் பே சிறையில் பத்தாண்டுக்கும் மேலாக அடைக்கப்பட்டிருந்தவர்கள் தொடுத்த வழக்கு 2015இல் உடன்பாட்டில் முடிந்த பிறகே அந்த முத்திரை முறை கைவிடப்பட்டது. பட்டினி கிடந்தவர்களும் வழக்குரைஞர்களும் செய்த வேலை அது. சங்கத்துக் குழு அறையில் அமர்ந்திருந்தவர்கள் அதே ஆண்டுகளிலும் அமர்ந்துதான் இருந்தார்கள்.

புதுமாணவன் எழுதியது:

இருவரிடமும் ஒரு விளக்கம் வேண்டும். தனி அடைப்பு என்பதற்கு எல்லா மாநிலங்களும் ஒரே பொருள்தான் கொள்கின்றனவா? ஒரே பொருள் இல்லையென்றால் எண்களைக் கூட்டுவதே எப்படிச் சாத்தியம்?

தராசுமுள் எழுதியது:

தம்பி கேட்டது அடிப்படையான கேள்வி. குழுக்களின் பயன் எங்கே இருக்கிறது என்பதற்கு அதிலேயே என் பதிலும் இருக்கிறது.

ஒரே பொருள் இல்லை. ஒரு மாநிலத்தில் நிர்வாகத் தனிப்பிரிவு என்பார்கள், இன்னொன்றில் சிறப்பு மேலாண்மைப் பிரிவு, மற்றொன்றில் ஒழுங்கு அடைப்பு. தாக்குதல் என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். காவலர்மீது எச்சில் துப்பியதை ஒரு துறை தாக்குதல் கணக்கில் எழுதும். காயம் பட்டால்தான் எழுதுவேன் என்று இன்னொரு துறை சொல்லும். இரண்டு துறைகளின் எண்களையும் பக்கத்தில் வைத்தால், நேர்மையாக எழுதிய துறைதான் மோசமான சிறையாகத் தெரியும். இதைச் சரிசெய்யத்தான் சங்கத்தின் செயல்திறன் அளவீட்டுக் குழு ஒவ்வொரு சொல்லுக்கும் பொது வரையறை எழுதி, அதன்படி எண்ணும் விதிகளையும் வகுத்தது. பார்வைக்குச் சலிப்பூட்டும் வேலைதான் இது. ஆனால் கொட்டடிக் கதவுகளைத் தினமும் திறந்து மூடிப் பழகியவர்களைத் தவிர வேறு யாராலும் இதைப் பிழையின்றிச் செய்ய முடியாது.

இரண்டாவது கணக்கெடுப்பில் வரையறை இறுகியது: நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ, தொடர்ந்து 15 நாளோ அதற்கு மேலோ. 2015 இலையுதிர்காலத்தில் 48 துறைகள் அளித்த பதில்களைக் கூட்டியபோது 67,442 பேர் வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேலாக அந்த நிலையில் இருந்தார்கள். இந்த 15 நாள் எல்லையும் சும்மா வந்ததன்று. 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற, சிறைவாசிகளை நடத்தும் முறைக்கான மண்டேலா விதிகளும் 15 நாளுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையை நீடித்த தனிமை என்று கூறித் தடை செய்கின்றன.

நிர்வாகிகள் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொலராடோ சான்று. அங்கே துறைத் தலைவராக இருந்த டாம் கிளமென்ட்ஸ் தனிக்கொட்டடிகளைக் குறைக்கத் தொடங்கியவர். 2013 மார்ச்சில், தனிக்கொட்டடியிலிருந்து நேரே தெருவுக்கு விடுவிக்கப்பட்ட ஒருவன் அவரை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். பின்னால் வந்த ரிக் ரேமிஷ் அந்தக் கொலையைக் காட்டிக் கதவுகளை இறுக்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 2014 ஜனவரியில் தம் துறையின் கொட்டடி ஒன்றில் தாமே கைவிலங்கோடு போய் 20 மணி நேரம் அடைபட்டிருந்துவிட்டு, அந்த அனுபவத்தை நாளிதழில் எழுதினார். 2017இல் 15 நாளுக்கு மேல் எவரையும் அப்படி வைப்பதில்லை என்று கொலராடோ அறிவித்தது. துறைத் தலைவர்களை அமர்த்துவது பெரும்பாலும் ஆளுநர். ஆளுநர் மாறினால் அவர்களும் மாறுவார்கள். இப்படி ஒருவர் கற்றது அடுத்த மாநிலத்துக்கும் அடுத்த தலைவருக்கும் போய்ச் சேர வேண்டுமானால், குழுவைத் தவிர வேறு வாய்க்கால் எது?

விளக்குத்திரி எழுதியது:

வரையறை எழுதுவது சலிப்பூட்டும் வேலை என்று சொன்னீர்கள். நான் அதை அதிகாரம் என்பேன். யாரை எண்ணுவது என்று முடிவு செய்கிறவரே, யார் எண்ணப்படாமல் போவது என்பதையும் முடிவு செய்கிறார்.

நீங்கள் குறிப்பிட்ட 15 நாளுக்கு அருகில் மூத்த சங்கத்தின் தரத்தை வைத்துப் பாருங்கள். 2016இல் அது ஏற்ற தரங்களில் ‘நீட்டித்த அடைப்பு’ என்பது 30 நாளுக்கு மேற்பட்டது. கடுமையான மனநோய் உள்ளவரை நீட்டித்த அடைப்பில் வைக்கக்கூடாது என்பது நல்ல விதிதான். ஆயினும் முப்பதாவது நாள் வரை அந்த விதி அவரைக் காக்க வராது. ஒரே துறையின் இரு சங்கங்கள் ஒரே மனிதனுக்கு இரு வேறு நாள்கணக்கு வைத்திருக்கின்றன. இதை அறிவியல் வேறுபாடு என்று சொல்ல என்னால் இயலவில்லை. நிர்வாகத்துக்கு எது இயலும் என்பதிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்ட எண்ணாகவே அது எனக்குப் படுகிறது.

இனி, எண் குறைந்துவிட்டது என்ற வாதம் அடுத்து வரும் என்பதால் அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை நிலவரப்படி துறைத் தலைவர்கள் சங்கமும் லிமன் மையமுமே தந்த மதிப்பீடு 41,000 முதல் 48,000 வரை. அதே காலத்தில் பெருந்தொற்றால் அமெரிக்கச் சிறைகளின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 14 லட்சத்திலிருந்து 12 லட்சமாக இறங்கியது. முதல் கணக்கின் வரையறையும் பிந்தியவற்றின் வரையறையும் ஒன்றல்ல என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். விசாரணைக் கைதிகள் இருக்கும் உள்ளூர்ச் சிறைகளும் குடியேற்றத் தடுப்பு மையங்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் இல்லை. நாளுக்கு இருபத்தொன்றரை மணி நேரம் பூட்டப்படுகிறவரும் இல்லை. அரை மணி நேரம் கூடுதலாகக் கதவு திறந்தால் ஒரு மனிதர் அட்டவணையிலிருந்து மறைந்துவிடுகிறார்; அவருடைய நாள் மாறவில்லை.

தொலைதூரச் செவிலி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா சொன்ன அரை மணி நேரத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஒரு மாநிலச் சிறையில் ஆறு ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றினேன். அதில் இரண்டு ஆண்டுகள் தனிப்பிரிவில். எந்த மாநிலம், எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை.

ஒவ்வொரு கொட்டடிக் கதவிலும் ஒரு தாள் தொங்கும். உணவு கொடுத்தது, குளித்தது, உடற்பயிற்சிக்கு வெளியே வந்தது எல்லாவற்றையும் அந்தத் தாளில் காவலர் குறிக்க வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காவலர் ஒருவர் வரிசையாக நடந்துகொண்டே ‘முற்றம், முற்றம்’ என்று குரல் கொடுப்பார். விளக்கு எரிய வேண்டும், எழுந்து கதவருகே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ‘மறுத்தார்’ என்று எழுதப்படும். இரவெல்லாம் அடுத்த கொட்டடிக்காரர் கதவை உதைத்துக்கொண்டிருந்ததால் நான்கு மணிக்குத்தான் கண்ணயர்ந்தவர் எப்படி எழுவார்? நான் மாத்திரை கொடுக்கும்போது அந்தத் தாள்களைப் படித்துக்கொண்டே போவேன். மறுத்தார், மறுத்தார், மறுத்தார். ஒருவருடைய தாளில் தொடர்ந்து பதினொரு நாள் அந்தச் சொல் இருந்தது. கதவில் உணவு தள்ளும் துவாரத்துக்கு நேரே குனிந்து ‘ஏன் வெளியே போகவில்லை’ என்று கேட்டேன். ‘யாரும் கேட்கவில்லையே அம்மா’ என்றார். காவலரைக் கேட்டால், கேட்டேன் என்பார். இருவரில் ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அந்தக் காவலர் அன்று இரண்டாவது முறைவேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் அந்தத் தாள்கள் தொகுக்கப்பட்டு மேலே போகும். அங்கே அவை ‘வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வெளியே விட வாய்ப்பு அளிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியாக மாறும். தலைநகரில் வினாப்பட்டியலை நிரப்புகிறவர் எங்கள் வரிசையில் கால் வைத்தவரே அல்லர். ஆகவே எண்ணுவது சங்கக் குழுவா, பல்கலைக்கழகமா, நீதிமன்றமா என்று நீங்கள் வாதிடும்போது, இவர்கள் மூவருமே அந்த ஒரே தாளைத்தான் படிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளக்குத்திரி எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியது என் வாதத்தையும் சேர்த்தே அசைத்திருக்கிறது. நீதிமன்றம் அமர்த்தும் கண்காணிப்பாளருக்கு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு என்பதைத்தான் என் தரப்பின் வலுவாக நினைத்திருந்தேன். ஆவணத்திலேயே ‘மறுத்தார்’ என்று இருந்தால் அவரும் அதை மேற்கோள் காட்டுவார். ஆனாலும் அவருக்கு வரிசையில் நடந்துபோய் அந்தத் துவாரத்தில் குனிந்து கேட்கும் அதிகாரம் இருக்கிறது. சங்கத்தின் குழுவுக்கு அது இல்லை. குழு அனுப்புவது ஒரு வினாப்பட்டியல். அதற்குப் பதில் அனுப்பாத மாநிலத்துக்கு எந்த விளைவும் இல்லை.

தராசுமுள் எழுதியது:

அதிகாரம் இல்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரம் மட்டும் இருந்து, உள்ளே வேலை செய்கிறவர்களின் உடன்பாடு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 2021இல் சட்டமே இயற்றி 15 நாள் எல்லை வைத்தது. அது 2022 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே சிறைக்காவலர்கள் மூன்று வாரம் சட்டவிரோதமாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று அந்தச் சட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது. பணிக்குத் திரும்பாத சுமார் 2,000 பேர் நீக்கப்பட்டார்கள். ஆள் குறைந்தால் முற்றத்துக்கு அழைத்துப் போக யார் இருப்பார்கள்? அம்மா சொன்ன இரட்டை முறைவேலைக் காவலர்தான் இருப்பார்.

ஆகவே நான் என் நிலைப்பாட்டை ஓர் அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். குழு இருக்க வேண்டும்; வரையறையையும் அது எழுதலாம். ஆனால் அந்த மேசையில் செவிலிகளுக்கும், சீருடைக் காவலர்களுக்கும், உள்ளே இருந்து வெளியே வந்தவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும். துறைத் தலைவர்கள் மட்டும் அமர்ந்த குழுவில் ‘மறுத்தார்’ என்ற சொல்லின் பொருளை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விளக்குத்திரி எழுதியது:

நாற்காலி போடுவதை நான் எதிர்க்கவில்லை. வாக்குரிமை இல்லாத நாற்காலியாக அது ஆகிவிடும் என்ற அச்சமும் எனக்குப் போகவில்லை. இப்போதைக்கு வினாப்பட்டியலில் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். வெளியே விட வாய்ப்பு அளிக்கப்பட்ட மணி நேரம் ஒரு கட்டத்திலும், உண்மையில் வெளியே கழித்த மணி நேரம் இன்னொரு கட்டத்திலும் வரட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை மாநிலம்தோறும் அச்சிடட்டும்.

தொலைதூரச் செவிலி எழுதியது:

அப்படியே அழைத்த நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஐந்தரை மணி என்று அதில் இருந்தால் படிக்கிறவர்களுக்குப் புரியும்.