மலையாளவழியில் படித்தவர்களுக்கு முதல் தமிழ் நாவல் எது?

பாறசாலை வாசகி:
தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்த பிள்ளைகள் நிறைய. தமிழ் பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள், நாவலை நீட்டினால் ஓட்டம். இப்போது நாலைந்து பேர் வாசிக்கத் தயாராக இருக்கிறார்கள். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' கொடுக்கலாம் என்பது என் எண்ணம். குமரி மாவட்டத்து இரணியல் கதை, நம்ம பேச்சு. சரியா? நீங்கள் வாசிப்பதில் வேறு ஏதாவது பொருந்துமானால் அதையும் சொல்லுங்கள்.

கல்குளத்தான்:
தாராளமா கொடுங்க அக்கா. 1968இல் வந்த நாவல், உரையாடல் முழுக்க நம்ம ஊர் நாக்கு. எழுத்தும் புதுசு, மொழியும் புதுசு என்றால் பத்தாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள். பேச்சாவது தெரிந்ததாக இருந்தால் எழுத்தை மட்டும் பழகினால் போதும்.

வாசிக்கும் விதம் முக்கியம். முதல் இருபது பக்கத்தை வாய்விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சொல் வாயில் வந்ததும் காதுக்குப் பிடிபடும். கதைநாயகன் திரவியில் தொடங்கி ஒரு குடும்பப் படத்தைப் பென்சிலால் போட்டு அட்டைக்குள் செருகி வைக்கட்டும். அதில் ஆச்சி யார், அக்கா யார், கட்டிக்கொடுத்த வீடு எது என்று மட்டும் இருந்தால் போதும். அது இல்லாமல் பாதியில் குழம்பாத ஆள் குறைவு.

சாலைத்தெரு:
அண்ணாச்சி, இதில் நான் எதிர்க்கட்சி. பேச்சு வழக்கை அச்சில் எழுத ஒரே முறை கிடையாது. 'செய்ய வேண்டும்' எந்தப் புத்தகத்திலும் 'செய்ய வேண்டும்'தான். பேச்சில் எழுதினால் ஒருவர் 'செய்யணும்' என்பார், இன்னொருவர் 'செய்யணம்' என்பார். பழகிய வாசகன் சொல்லின் மொத்த உருவத்தையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வான். புதியவன் எழுத்தெழுத்தாகப் போகிறவன், அவனுக்கு உருவம் மாறிக்கொண்டே இருந்தால் வேகம் வரவே வராது. முதல் புத்தகம் பொதுநடையில்தான் இருக்க வேண்டும்.

என் பரிந்துரை 'செம்மீன்'. தகழியின் மலையாள மூலம் 1956, தமிழில் சுந்தர ராமசாமி. ஓர் அத்தியாயத்தை மலையாளத்தில் வாசித்துவிட்டு, மறுநாள் அதையே தமிழில் வாசிக்கட்டும். கதைக்காக முட்டிமோத வேண்டாம், கவனம் முழுக்க எழுத்தில் இருக்கும்.

கல்குளத்தான்:
அதுதான் கோளாறே. கதை தெரிந்தவன் வாசிக்கமாட்டான், ஊகிப்பான். 'கரு' என்று பார்த்ததும் மனசு கதாநாயகி பெயரை 'கருத்தம்மா' என்று முடித்துவிடும், கண் அடுத்த வரிக்குத் தாவும். இப்படி முழுப் புத்தகத்தையும் 'வாசித்து' முடித்தவரிடம் கதை தெரியாத ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், பழையபடி எழுத்துக்கூட்டல்தான்.

சாலைத்தெரு:
ஊகம் வரும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மாற்று இருக்கிறது: மூன்றாவது அத்தியாயத்திலிருந்து வரிசையைத் திருப்புங்கள். முதலில் தமிழ், பிறகு சந்தேகம் வந்த பத்திக்கு மட்டும் மலையாளம்.

எந்தப் புத்தகமாக இருந்தாலும் இவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஒன்றுதான். முதலாவது க, ச, ட, த, ப. மலையாளத்தில் ஒவ்வொரு வல்லினத்துக்கும் நாலு எழுத்து, இங்கே ஒன்றே ஒன்று. சொல் நடுவில் தனியாக வந்தாலும் மெல்லினத்துக்குப் பின்னால் வந்தாலும் மெலியும், இரட்டித்தால் அழுத்தம். 'பயம்', 'பஸ்' போன்ற வந்தேறிச் சொற்களுக்கு இந்தக் கணக்கு உதவாது, அதைப் பழக்கத்தில் பிடிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது ந, ன. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. அதனால் தமிழில் இரண்டைப் பார்த்ததும் திகைப்பார்கள். சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன என்று சொல்லிக் கொடுத்தால் முக்கால்வாசி தீர்ந்தது.

மூன்றாவதுதான் யாரும் கவனிக்காதது. மலையாள வினைச்சொல்லில் ஆண், பெண், ஒருமை, பன்மை தெரியாது. அதனால் சொல்லின் வாலைப் பார்க்கும் பழக்கம் அவர்கள் கண்ணுக்குக் கிடையாது. தமிழ் நாவலிலோ எழுவாயை விட்டுவிட்டு 'எழுந்தாள். கதவைச் சாத்தினான்.' என்று எழுதிக்கொண்டே போவார்கள். வாலை விட்டவருக்கு யார் எழுந்தது, யார் சாத்தியது என்று தெரியாமல் போய்விடும். பேசும்போது இதே ஆட்கள் ஒரு பிழையும் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அரைப் பக்கம் எடுத்து ஒவ்வொரு வினைக்கும் 'யார்?' என்று கேளுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும்.

தேங்காப்பட்டணம்:
தோப்பில் முகமது மீரானை விட்டுவிட்டீர்களே! அவரே மலையாளவழியில் படித்தவர்தானே. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) நம்ம கடற்கரை. ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம். முஸ்லிம் வீட்டுப் புழக்கச் சொல்லும் அரபிச் சொல்லும் நெருக்கமாக வரும். மூன்றாவதாகக் கொடுத்தால் அள்ளிக்கொண்டு போகும்.

பாறசாலை வாசகி:
நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' எப்படி? திருவனந்தபுரத்துக் கதை, ஆட்களும் மலையாளிகள்.

கல்குளத்தான்:
அந்த ஆசையில் கொடுத்துவிடாதீங்க அக்கா. ஊர் தெரிந்ததுதான், ஆனால் கதை அனந்தன் நாயரின் நினைவுக்குள் முன்னும் பின்னுமாக ஓடும். இப்போது நடப்பதா, என்றோ நடந்ததா என்று வினையை வைத்துத்தான் பிடிக்கணும். சாலைத்தெரு சொன்ன மூன்றாவது கோளாறு இருக்கிறவருக்கு இதைவிடக் கஷ்டமான நாவல் இல்லை. பின்னால் வாசிக்கட்டும், அருமையான புத்தகம்.

சாலைத்தெரு:
இதில் அண்ணாச்சியோடு சண்டை இல்லை. நாவலே வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்' திருவனந்தபுரம் சாலை பஜாரைச் சுற்றியவை, ஒரே இருப்பில் ஒரு கதை முடியும். முடித்தோம் என்ற தெம்புக்கு அதுபோல வராது. அதை முடித்து 'செம்மீன்', பிறகு 'தலைமுறைகள்'.

கல்குளத்தான்:
சிறுகதை கொள்ளாம். ஆனால் 'தலைமுறைகள்' இரண்டாவது, 'செம்மீன்' வேண்டுமானால் மூன்றாவது. புத்தகத்தில் தன் பேச்சைப் பார்க்கிற சந்தோஷத்தைக் கடைசிவரை தள்ளிப்போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பாறசாலை வாசகி:
இரண்டு பேருக்கு அப்படியும் இரண்டு பேருக்கு இப்படியும் கொடுத்துப் பார்க்கிறேன். நூலகத்துப் பழைய பிரதிகள் போதுமா? அகராதி?

சாலைத்தெரு:
பிரதியின் அச்சு வருடத்தைப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானது என்றால் ணை, லை, ளை, னை நாலும் துதிக்கை மாதிரி மேலே சுழித்திருக்கும், ணா, றா, னாவும் வேறு வடிவம். இவர்களுக்கு அது இன்னொரு லிபி. புதிய பதிப்பே வாங்குங்கள்.

அகராதிக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதில் வட்டாரச் சொல் எல்லாம் கிடைக்காது, அவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதே வேகம். தேடும்போது வரிசை மாறும்: தமிழில் ழ, ள, ற, ன நாலும் வ-வுக்குப் பின்னால். 'பழம்' தேடுகிறவர் 'பல்', 'பவளம்' எல்லாம் தாண்டிப் போகணும். இந்த வரிசையை ஒரு சீட்டில் எழுதி அகராதிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.