மலேசியக் கிளை வளாகத்தில் மெக்கானிக்கல்: பணம் கட்டுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

போரூர்வாசி:
மகள் ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மலேசிய வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு ஆஃபர் லெட்டர் வந்துள்ளது. "அதே டிகிரிதான் சார், ரெண்டு வருஷம் கழிச்சு ஆஸ்திரேலியாவுக்கே மாறிக்கலாம்" என்கிறார் கன்சல்டன்சிக்காரர். பட்டம் இங்கே செல்லுமா? அப்படி மாறினால் செலவும் விசாவும் எப்படி? அட்வான்ஸை அவர்களிடமே கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

சுண்ணாம்புக்கல்:
கடைசிக் கேள்விக்கு முதலில்: கட்டாதீர்கள். ஆஃபர் லெட்டரில் உள்ள பல்கலைக்கழகக் கணக்குக்கு வங்கி வழியாக நேரே அனுப்புங்கள், சார். ரிஃபண்ட் விதியை எழுத்தில் வாங்கிய பிறகு.

அடுத்து, "அதே டிகிரி" என்ற பேச்சை ஓரமாக வையுங்கள். பொறியியலில் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் வேறு, படிப்பின் அங்கீகாரம் வேறு. மலேசியாவில் படிப்பைச் சோதித்து அங்கீகரிப்பது இ.ஏ.சி. என்ற குழு. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பினர், இந்தியா என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) வழியாக 2014-இல் சேர்ந்தது. இந்த உடன்படிக்கை பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, அங்கீகாரம் பெற்ற படிப்பைத்தான் பார்க்கிறது. ஆகவே தாய் வளாகத்து மெக்கானிக்கலுக்கு இருக்கும் அங்கீகாரம் கிளைக்குத் தானாக வந்துவிடாது. பண்டார் சன்வேயில் உள்ள மோனாஷும் மிரியில் உள்ள கர்டினும் தங்கள் பொறியியல் படிப்புகளுக்கு மலேசியாவிலேயே தனியாக வாங்கியிருக்கின்றன.

சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. இ.ஏ.சி. தளத்துப் பட்டியலைத் திறந்து, ஆஃபர் லெட்டரில் உள்ள படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மெக்கானிக்கல் இருக்கும், அதே துறையில் புதிதாகத் தொடங்கிய மெக்கட்ரானிக்ஸ் இருக்காது. எந்த ஆண்டு பேட்ச் வரை என்றும் பாருங்கள். புதுப் படிப்பென்றால் முதல் பேட்ச் கடைசி ஆண்டை எட்டும்போதுதான் முழு மதிப்பீடே நடக்கும். அதுவரை சேருகிறவர்கள் நம்பிக்கையின் பேரில்தான் படிக்கிறார்கள். மலேசியக் கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் எம்.க்யூ.ஏ. அமைப்பின் பதிவேட்டிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

கோப்புக்கட்டு:
இந்தியாவில் செல்லுமா என்பதற்கு: வெளிநாட்டுப் பட்டங்களின் இணைத்தன்மை பற்றி யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் விதிமுறை வெளியிட்டது. அதன்படி ஃபிரான்சைஸ் முறையில், அதாவது உள்ளூர்க் கல்லூரி ஒன்று வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை உரிமம் வாங்கி நடத்தித் தரும் பட்டம், செல்லாது. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கிளை வளாகப் பட்டத்தை ஏற்பார்கள். ஆனால் படிப்பு வளாகம் இருக்கும் நாட்டின் விதிக்கும் தாய் நாட்டின் விதிக்கும் பொருந்த வேண்டும். விளம்பரத்தில் ஃபிரான்சைஸும் சொந்தக் கிளையும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும் நிறுவனம் எது என்று பாருங்கள்.

ஒவ்வொரு செமஸ்டரும் பாடவாரியான சிலபஸ் பி.டி.எஃப்.பை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்ததும் மாணவர் லாகின் மூடிவிட்டால் அதைத் திரும்ப வாங்குவது தலைவலி. இன்னொன்று, பிரிட்டிஷ் கிளைகளில் பி.இங். மூன்று வருடமாக இருக்கலாம். நம் ஊரில் பி.இ. நான்கு வருடம். எம்.டெக்., அரசு வேலை என்று போகும்போது அந்த ஒரு வருடம் கேள்வியாக எழும்.

மெரினாகாற்று:
மாறுவது பற்றி. எக்ஸ்சேஞ்ச், டிரான்ஸ்ஃபர் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் ஒன்றிரண்டு செமஸ்டர், மலேசியக் கட்டணமே தொடரும். டிரான்ஸ்ஃபர் என்றால் அன்றிலிருந்து ஆஸ்திரேலியக் கட்டணம், ஆஸ்திரேலிய மாணவர் விசா. பட்ஜெட்டே தலைகீழாகும்.

பட்டம் வாங்கிய பின் அங்கேயே வேலை தேட உதவும் 485 விசாவுக்கு, ஆஸ்திரேலிய மண்ணில் குறைந்தது இரண்டு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். நான்கு வருடமும் மலேசியாவில் படித்தால் அது கிடையாது. ஒரு வருடம் மட்டும் போய்வந்தாலும் கிடையாது. பிரிட்டனின் கிராஜுவேட் விசாவும் இப்படித்தான், அங்கே போய்ப் படித்திருக்க வேண்டும்.

மலேசிய விசாவுக்கு, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கையாளும் இ.எம்.ஜி.எஸ். வழியாக ஒப்புதல் கடிதம் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். டூரிஸ்டாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரவாக்கில் உள்ள மிரி, கூச்சிங் வளாகங்கள் என்றால் குடிவரவுத் துறையே தனி. கோலாலம்பூர் நடைமுறையை அங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. பகுதி நேர வேலையில் கட்டணம் கட்டலாம் என்ற கணக்கும் வேண்டாம். ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில்தான், வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் ஹோட்டல், பெட்ரோல் பங்க் மாதிரி சில இடங்களில் மட்டும்.

போரூர்வாசி:
நன்றி. பாதியில் வளாகத்தையே மூடிவிட்டால்?

சுண்ணாம்புக்கல்:
நடக்காதது இல்லை. கத்தாரில் 2003 முதல் பொறியியல் நடத்திவந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் வளாகத்தை 2028-க்குள் மூட அதன் நிர்வாகக் குழு 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது. அங்கே சேர்ந்தவர்கள் முடித்து வெளியேற அவகாசம் வைத்தார்கள். அதைத்தான் நீங்களும் கேட்க வேண்டும்: மூடினால் இதே வளாகத்தில் முடிக்க விடுவார்களா, தாய் வளாகத்துக்கு மாற்றினால் எந்தக் கட்டணம் என்று. அட்மிஷன் ஆபீஸுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்ன பதிலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கோப்புக்கட்டு:
கல்விக்கடன் எடுப்பதாக இருந்தால் ஒன்று: வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் தொகைக்கு டி.சி.எஸ். (வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை. கைப்பணமென்றால் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்குப் பிடிப்பார்கள், வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.